பரிபூரணத்தின் நாற்காலிக்கு ஒரு பதிலி

அத்தியாயம் 9

சென்னையிலிருந்து கவர் வந்து ஆறு நாளாகிவிட்டது. அதற்குள் அந்தக் காகிதங்களை வீட்டிலிருந்த நான்கு பேரும் ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டார்கள். முழுக்கப் படித்தவள் பரிபூரணம் ஒருத்திதான். கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான்.

இருபத்தாறு வயது. ராஜபாளையத்து நூல் மில்லில் கம்ப்யூட்டர் ரூமில் வேலை. அந்த வேலை சும்மா வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா தவசிமுத்து, நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, வாரிசு என்று மகளை உள்ளே அனுப்பினார். அதனால் அந்த வீட்டில் 'பெர்மனென்ட்' என்ற சொல்லை வேத வசனம் மாதிரித்தான் சொல்வார்கள்.

சென்னைக் கம்பெனி கேட்பது அதற்கு நேர் எதிரான சங்கதி. அது ஒரு கன்சல்டிங் கம்பெனி. கம்ப்யூட்டர் தெரிந்த ஆட்களைத் தன் பேரில் எடுத்துக்கொண்டு, கேட்கிற பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிவைக்கும். இரண்டு வருஷ காண்ட்ராக்ட். முதலில் பம்பாயில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. சம்பளம் மில்லில் வாங்குவதைப் போல நாலு மடங்கு. பதில் சொல்லக் கடைசி நாள் இன்று, திங்கட்கிழமை.

காலை ஆறரை மணிக்கு அம்மா ரத்தினம் தூக்குச்சட்டியில் சோற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் அவளுக்கு வேலை. ஆறே முக்காலுக்குப் பஸ்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன சொல்லப் போறே?"

"சாயங்காலம் சொல்லுதேன்மா."

"நான் வேலைக்குப் போறவ. இப்பமே சொல்லு, இல்லாட்டி நாள் பூரா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்."

பரிபூரணம் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு இடம் உறுத்துது. ஒரு புராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும். முப்பது நாளைக்குச் சம்பளம் உண்டு. அதுக்குப் பொறவு கிடையாது. ஆனா வேற வேலைக்கும் போகக் கூடாது. அது ஏழாவது ஷரத்து. பதினொண்ணாவது, என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் அம்புட்டையும் அவங்ககிட்ட ஒப்படைக்கணும்."

"கேட்டியா, எதுக்குன்னு?"

"எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தான்னு கூட வந்த லெட்டர்லயே எழுதியிருக்காங்க."

"தறிக்காரன் ஒவ்வொருத்தனும் இதத்தான் சொல்லுவான். நான் நாலு தறி மாத்திட்டேன். ஒருத்தன்கிட்டயும் ரேஷன் கார்டைக் கொடுத்ததில்ல. கொடுத்தவளுக இன்னும் அங்கனயேதான் கெடக்காளுக." சட்டியின் மூடியை அடித்து மூடினாள். "போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. கையக் கட்டிட்டுப் போகாதே."

இதற்குள் தவசிமுத்து கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். சவரம் செய்து முகம் பளபளவென்று இருந்தது. பஞ்சுத் தூசி இருபத்தாறு வருஷம் தங்கிய நெஞ்சு, பொத்தான் போடுவதற்குள் இரண்டு தடவை இருமியது.

"இம்புட்டுக் காலையில எங்க?" என்றாள் ரத்தினம்.

"மில் டைம் ஆபீஸ் வரைக்கும். பி.எஃப். விசயமா."

"நாலு வருசமா முடியாத பி.எஃப். இன்னைக்கு முடியுதாக்கும்."

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டார். மகளிடம் சொன்னார். "நீ போறதுன்னா போ தாயி. மில்லுல உன் இடம் போகாம நான் பாத்துக்கிடுதேன்."

ஆறு நாளாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் இப்படிச் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டாள் பரிபூரணம். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டிருக்க வேண்டும். உள்ளறையில் தங்கை கிருபாபாய் நல்ல சேலை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதையும் கேட்டிருக்க வேண்டும்.

*

பத்து மணிக்குப் பியூன் வந்து கூப்பிட்டான். பெர்சனல் ஆபீசர் காசிராஜன் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. மேஜையில் ஒரு வெள்ளைத்தாள். எழுத்து அப்பாவுடையது என்று வாசலிலிருந்தே தெரிந்தது.

"வாம்மா. உங்க அப்பா ஒரு மனு கொடுத்திருக்காரு. வாசிக்கேன், கேளு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'ஐயா, என் மூத்த மகள் செல்வி பரிபூரணம் இரண்டு வருடம் வெளியூர் வேலையாகச் செல்ல இருப்பதால், அவள் திரும்பி வரும்வரை அவளுடைய கம்ப்யூட்டருக்கு என் இளைய மகள் செல்வி கிருபாபாயைப் பதிலியாக அனுமதித்து, மூத்தவள் இடம் பெர்மனென்டாக இருக்கும்படி வேண்டுகிறேன். இப்படிக்கு, முன்னாள் ரிங் ஃபிரேம் தொழிலாளி தவசிமுத்து, டோக்கன் நம்பர் 614.'"

பரிபூரணத்துக்குக் காது சுட்டது.

மில்லில் இது வழக்கம்தான். பெர்மனென்ட் தொழிலாளி லீவு போட்டால் அவன் மெஷினில் நிற்கிறவன் பதிலி. காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டுக்கு வந்துவிடுவான். ஆள் வராத மெஷின் இருந்தால் உள்ளே போவான், இல்லாவிட்டால் சோற்றுச்சட்டியோடு வீட்டுக்குத் திரும்புவான். தவசிமுத்து பதினொரு வருஷம் அப்படி நின்றவர். ஒருத்தன் நாள்கணக்கில் படுத்துவிட்டால் அவன் தம்பியோ மச்சானோ பதிலியாக நின்று இடத்தைக் காப்பாற்றுவதும் உண்டு. கம்ப்யூட்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"உன் தங்கச்சி கம்ப்யூட்டரைப் பாத்திருக்கா?" என்றார் காசிராஜன்.

"சினிமாவுல பாத்திருப்பா சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். நிறுத்திய விதம் நன்றாக இல்லை.

"ரெண்டு வருசம் வெளியூர் வேலை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே பூரணம்."

"இன்னும் முடிவு பண்ணல சார்."

"உங்க அப்பா பண்ணிட்டாரே." இழுப்பறையிலிருந்து ஒரு டைப் செய்த தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "மூணு வருசத்துக்கு வேற எங்கயும் போக மாட்டேன்னு இதுல கையெழுத்துப் போடு. ஒரு இன்கிரிமென்ட் வாங்கித் தாரேன். இல்லையா, ரிசைன் லெட்டர் கொடு. ரெண்டுல ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள வேணும். வாரிசு வேலையில வந்துட்டு வெளிய ஆள் தேடுறது எம்.டி.க்குத் தெரிஞ்சா நான் பதில் சொல்ல முடியாது."

"ரிசைன் பண்ணினா ஒரு மாசம் நோட்டீஸ் இருக்குல்ல சார்."

"நோட்டீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கே அனுப்பிருவோம்."

"அப்ப ஏழாந்தேதி சம்பளம் யாரு சார் போடுவா?"

கேட்கும்போது அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. வேலை பார்க்கிற யாரும் கேட்கிற சாதாரணக் கேள்வி. காசிராஜன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். வெளியே பார்த்தார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார். குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"அரை நாள் லீவு வேணும் சார். அஞ்சரைக்கு வந்து பதில் சொல்லுதேன்."

டைப் செய்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

மில் கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி அப்பாவும் தங்கையும் நின்றுகொண்டிருந்தார்கள். கிருபாபாய் கையில் டிபன் பாக்ஸ், சர்ட்டிபிகேட் பை, ஒரு ஸ்வெட்டர்.

"என்னட்டி இது?"

"ஏசி ரொம்பக் குளிருமாம்லா. அப்பாதான் எடுத்துக்கன்னாரு."

"நீ டீச்சர் டிரெய்னிங் முடிச்சவ. உனக்கும் கூறு இல்லையா?"

"அப்பாகிட்டப் பேசி நீ ஜெயிச்சிருக்கியா, நான் ஜெயிக்க? ஆனா ஒண்ணு அக்கா, இந்தக் கேட்ல நிக்கிறது மாதிரி ஒரு கேவலம் கிடையாது. உள்ள போறவன் ஒவ்வொருத்தனும் சட்டியில என்ன கொழம்புன்னு பாக்கிற மாதிரியே பாத்துட்டுப் போறான்."

தவசிமுத்து குறுக்கே வந்தார். "ஆபீசர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாருப்பா."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? எனக்கு டைபாய்டு வந்தப்ப உங்க சித்தப்பன் மூணு மாசம் என் மெஷினைப் பாத்தான். இடம் போச்சா?"

"சித்தப்பாவுக்கு அந்த வேலை தெரியும். கிருபாவுக்கு இந்த வேலை தெரியாது. பக்கத்து சீட்டுல டைப் அடிக்கிறவருக்குத் தெரியாது. ஆபீசருக்குத் தெரியாது. சம்பள புரோகிராம் ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. இந்த மில்லுல ஒருத்தருக்கும்..."

கோபத்தில் ஆரம்பித்த பேச்சு அங்கே நின்றது. காசிராஜன் பேனா மூடியைக் கழற்றி மாட்டியது ஏன் என்று இப்போது புரிந்தது. ஆயிரத்து இருநூறு பேருக்குச் சம்பளம் போட வேண்டும். கையால் சம்பளம் எழுதிய கிளார்க்குகள் இரண்டு பேரும் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார்கள். அந்த நாற்காலிக்கு ஊருக்குள் பதிலி கிடையாது.

"ஒருத்தருக்கும் என்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. கிருபா, நீ வீட்டுக்குப் போ. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன். என்கூடப் படிச்ச தனுஷ்கோடி அங்க பஸ் ஸ்டாண்டுல நிப்பான். காகிதத்தை அவன்கிட்டத்தான் கொடுக்கணும்."

"நானும் வாரேன்" என்றார் தவசிமுத்து.

"எதுக்கு?"

"காண்ட்ராக்ட்டுக்கு ஆள் பிடிக்கிறவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

*

பஸ்ஸில் இடம் கிடைத்தது.

"நான் கொடுத்த மனு உனக்குத் தொந்தரவாப் போச்சோ?"

"ஆமா. நான் சொல்லாததை நீங்க சொல்லிட்டீக. கையெழுத்துப் போடு, இல்ல வெளிய போன்னுட்டாரு."

தவசிமுத்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். செய்தது தப்பு என்று அவர் வாயிலிருந்து வராது. வீட்டில் யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

"நான் ஆறு வருசத்தை விட்டுட்டு வந்தேன்."

"தெரியும்ப்பா."

"அதைக் கேக்கலட்டி. அது போகட்டும். ஆலங்குளத்துல சுண்ணாம்புக் கல்லு சுமக்கும்போது எனக்கு வயசு பன்னெண்டு. காண்ட்ராக்டர் விரலை நீட்டுவான், நீ வா, நீ வா, நீ போன்னு. மில்லுக்கு வந்தா இங்கயும் கேட்ல பதினொரு வருசம். போதும். என் பிள்ளை ஒருத்தன் விரலைப் பாத்துட்டு நிக்கக் கூடாது. அம்புட்டுதான்."

"உள்ள இருந்தா மட்டும் நிக்க வேண்டாமா? இன்னைக்குக் காலைல அந்த ஆபீசர் விரலைத்தான் நீட்டுனாரு. பெர்மனென்ட்டுக்கும் அதே விரல்தான்."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து இருமினார். இருமல் அடங்குவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது.

*

தனுஷ்கோடி, மம்சாபுரத்துக்காரன். மதுரையில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தபோது இவளோடு ஒரே வகுப்பு. மூன்று வருஷமாகச் சென்னைக் கம்பெனியில் இருக்கிறான். இவள் பேரை அங்கே கொடுத்தவன் அவன்தான். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் கறுப்பு பேக், கையில் மேனேஜருக்கு வாங்கிய பால்கோவா பெட்டி இரண்டு.

"வா பூரணம். வணக்கம் ஐயா. ஆறு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பணும். கையெழுத்துப் போட்டுட்டேல்ல?"

"போடல. ஏழும் பதினொண்ணும் மாத்தணும்."

"அதெல்லாம் மாத்த முடியாது. இருநூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, நான் உள்பட. சும்மா உக்கார்ற நாள்னு ஒண்ணு வரவே வராது. வேலைதான் ஆளைத் தேடுது. ரெண்டாயிரம் வருசப் பிரச்சினை தெரியும்ல?"

தெரியும். பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு எண்ணில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 98, 99. அடுத்து வருகிற 00-வை மெஷின் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வட்டி, வயசு, சர்வீஸ் எல்லாம் தலைகீழாகும். இன்னும் பதினெட்டு மாதத்தில் உலகம் பூரா உள்ள பழைய புரோகிராம்களைத் திருத்தியாக வேண்டும்.

தவசிமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பையனையே பார்த்தபடி நின்றார்.

"தம்பி ஊருக்கு வந்து எம்புட்டு நாளாச்சு?"

"பத்து நாள் ஆச்சு ஐயா. இந்தா, இங்க பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலையில பெருமாளுக்கு ஒரு நேர்த்திக்கடன்."

"அது ஒரு நாள் காரியம். மிச்சம் ஒம்பது நாளு?"

"லீவுதான்."

"வேலைதான் ஆளைத் தேடுதுன்னு சொன்னீக. தேடுற வேலையை விட்டுட்டு ஒம்பது நாள் லீவு தாராகளா?"

தனுஷ்கோடி பேக்கை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

"எத்தன நாளா கேட்ல நிக்கீக தம்பி?" என்றார் தவசிமுத்து. குரலில் குத்தல் இல்லை. பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

பையன் பரிபூரணத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நாப்பத்தி ரெண்டு நாள்."

ஒரு திருநெல்வேலி பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் வரைக்கும் மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

"பன்னெண்டு நாளாச் சம்பளம் இல்ல" என்றான். "வேற கம்பெனிக்குப் போகலாம்னா சர்ட்டிபிகேட் அவங்க பீரோவுல இருக்கு. ஊர்ப்பக்கம் போயி ஆள் பிடிச்சுக் கொடு, அடுத்த புராஜெக்ட்ல உன் பேரு முதல்லன்னாங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ கையெழுத்துப் போடுவியா?"

"இப்பவும் போடுவேன். இந்த ஃபாரத்துல இல்ல." பரிபூரணம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தாள். "ஒண்ணு கேக்கேன். நிசத்தைச் சொல்லு. உனக்கு வேலை இல்லாதப்ப என்னைய ஏன் கூப்பிடுறாங்க?"

"நான் புது மெஷின்காரன். பம்பாய்க்காரனுக்குக் கோபோல்ங்கிற பழைய கம்ப்யூட்டர் பாஷை தெரிஞ்ச ஆள் வேணும், பழைய புரோகிராமை வாசிக்க. நம்ம வயசுல அதை யாரு படிக்கா? நீ மட்டும்தான் அந்த ஓட்டை மெஷின்ல தினம் அதையே எழுதிட்டு இருக்கே."

"எத்தன ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க?"

"மூணு பேரு."

"எத்தன பேர் கிடைச்சிருக்காங்க?"

டீக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். தவசிமுத்து மூன்று விரலைக் காட்டினார்.

"எத்தனடா?"

"உன்னையும் சேத்தா ஒண்ணு."

மில் புது மெஷின் வாங்கக் கஞ்சத்தனப்பட்டு, எங்கிருந்தோ கழித்துப் போட்டதை வாங்கி வைத்திருந்தது. அதில் நாலு வருஷம் மாரடித்தது இப்போது உதவிக்கு வந்தது. பரிபூரணம் பேனாவைத் திறந்தாள். ஏழாவது ஷரத்தில் 'முப்பது நாள்' என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். ஓரத்தில், வேலை இல்லாத நாள் அத்தனைக்கும் முழுச் சம்பளம், அது முடியாது என்றால் அறுபதாம் நாள் இந்த ஒப்பந்தம் தானாக ரத்து என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பதினொன்றில் 'ஒரிஜினல்' என்பதை அடித்து 'சான்றொப்பமிட்ட நகல்' என்று மாற்றினாள். இரண்டு இடத்திலும் சின்னதாகக் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் பெரிய கையெழுத்து போடவில்லை.

"அவங்க இந்த ரெண்டு இடத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அன்னைக்கே நான் கடைசிப் பக்கத்துல போடுதேன். இப்பமே போன் பண்ணி மேனேஜர்கிட்டச் சொல்லு."

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக்குள் தனுஷ்கோடி பேசுவது வெளியே தெரிந்தது. முதலில் குனிந்து பேசினான். பிறகு நிமிர்ந்தான். ஒரு கட்டத்தில் கையை ஆட்டி எதையோ அழுத்திச் சொன்னான். தவசிமுத்து மீட்டரில் ஓடுகிற சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தவன் முகம் வியர்த்திருந்தது. "முடியாதுன்னுதான் ஆரம்பிச்சாரு. நீ இல்லைன்னா பம்பாய்க்கு ஆளே இல்லைன்னேன். வக்கீல்கிட்டக் கேட்டுட்டு ஆறு மணிக்குள்ள மில் நம்பருக்குக் கூப்பிடுறேன்னாரு. உங்கிட்ட நேராப் பேசணுமாம்."

"பேசட்டும்."

கிளம்பும்போது அவன் தயங்கினான். "பூரணம், அந்த ஏழாவதுக்கு ஓரத்துல எழுதுனேல்ல, அதையே எனக்கும் ஒரு தாள்ல எழுதிக் கொடேன். அடுத்த மாசம் என்னோடது புதுப்பிக்கணும்."

எழுதிக் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

*

ராஜபாளையத்தில் இறங்கும்போது மணி ஐந்தே கால்.

"உள்ள நானும் வரவா?" என்றார் தவசிமுத்து.

"வேண்டாம்ப்பா."

"அப்ப நான் கேட்ல நிக்கேன்."

"நிக்காதீக. டீக்கடையில நாற்காலி போட்டு உக்காருங்க. நான் வாரேன்."

காசிராஜன் கிளம்பத் தயாராக இருந்தார். மேஜை சுத்தமாக இருந்தது. காலையில் அவர் கொடுத்த தாளை அவள் அப்படியே திருப்பி வைத்தாள்.

"கையெழுத்தைக் காணோம்."

"போடல சார்."

"அப்ப ரிசைன் லெட்டர்."

"அதுவும் இல்ல சார். ஏழாந்தேதி சம்பளம் நான் போட்டுருவேன். போறதுன்னு முடிவானா ஒரு மாசம் நோட்டீஸ் தருவேன். அந்த ஒரு மாசத்துல ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஆள் யாருன்னு நீங்க பாருங்க. என் தங்கச்சி வேண்டாம்."

"நீ எனக்குச் சட்டம் சொல்லுதியா?"

"இன்னொண்ணும் இருக்கு சார். இதை ரெண்டு மாசத்துக்கு முந்தியே நோட்டுல எழுதி அனுப்பினேன், யாரும் வாசிக்கல. நம்ம சம்பள புரோகிராம்லயும் வருசம் ரெண்டு எண்தான். ரெண்டாயிரம் ஜனவரி ஒண்ணாந்தேதி ஆயிரத்து இருநூறு பேருக்கும் சர்வீஸ் கணக்கு மைனஸ்ல போயிரும். போனஸ், கிராஜுவிட்டி ஒண்ணும் போட முடியாது."

காசிராஜன் உட்கார்ந்துவிட்டார்.

"மிரட்டுதியா?"

"தேதியச் சொல்லுதேன் சார்."

"அதை யாரு சரி பண்ணுவா?"

"நான் பண்ணலாம். ஆனா இந்தச் சம்பளத்துல, இந்த நாற்காலியில உக்காந்து இல்ல. அதுக்குன்னு தனியா ஒரு காண்ட்ராக்ட் போடுங்க. மூணு மாச வேலை. நான் எங்க இருந்தாலும் வந்து செஞ்சு கொடுப்பேன்."

வெளியே ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. அது ஓய்ந்த கையோடு மேஜையில் டெலிபோன் அடித்தது. காசிராஜன் எடுத்தார். கேட்டார். அவர் கண் அவள் மேல் வந்து நின்றது.

"ஆமா, மில்லுதான். மெட்ராஸா? யாரு வேணும்?" ரிசீவர் வாயைக் கையால் பொத்தினார். "உன்னையத்தான் கேக்கான். நீ இங்க இல்ல, போயிட்டேன்னு சொல்லட்டுமா? நாளைக்குக் காலையில எம்.டி.யைப் பாக்கலாம். நான் பேசுதேன்."

"நாளைக்கு எம்.டி.யையும் பாப்போம் சார். இப்ப போனைக் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. பொத்திய கையும் எடுக்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் நாலு வருஷத்தில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பரிபூரணம் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். செத்த நேரம் அப்படியே நீட்டியிருந்தாள். ரிசீவர் அவள் கைக்கு வந்தது.

"பரிபூரணம் பேசுதேன் சார். ஏழு, பதினொண்ணு ரெண்டையும் வக்கீல் பாத்துட்டாரா?" பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பக்கம் மேனேஜர் கேட்டார். அவள் காசிராஜனைப் பார்த்தபடி சொன்னாள். "பரவாயில்ல சார், தாராளமாப் பேசுங்க. எங்க பெர்சனல் ஆபீசர் பக்கத்துலதான் இருக்காரு. அவரும் எனக்கு ஒரு காண்ட்ராக்ட் யோசிச்சிட்டு இருக்காரு."